கொழும்பாரின் மனைவி

தென்காசியில் அவரைப் பற்றி மூன்று கதைகள் உலவின. சிங்களப் படங்களில் நடித்தவர், உயரங்களிலிருந்து விழுவதில் வல்லவர் என்பது ஒன்று. கொழும்புப் போலீசுக்குத் தப்பி வந்தவர் என்பது மற்றொன்று. கட்டிய மனைவியை அருவியில் தள்ளிக் கொன்றவர் என்பது மூன்றாவது. ஊர் மூன்றையும் ஒருங்கே நம்பியது. எனக்கு அது இயலவில்லை. நான் அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன். பேச்சுப் போட்டி என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் போவேன். போன இடத்தில் பெரும்பாலும் வெல்வேன். எதிர் அணியின் வாதச் சங்கிலியில் எந்தக் கண்ணி இற்றிருக்கிறது என்று தேடிப் பழகிய கண்ணோடுதான் விடுமுறை நாள்களில் இந்த மனிதரையும் பார்த்தேன். நான் முதலில் கண்டுபிடித்தது இதுதான்: அந்த மூன்று கதைகளையும் ஊரில் அவிழ்த்துவிட்டவர் அவரே.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எவரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. கொழும்பார் என்றால் போதும். அகன்ற தோள், குறுகிய கழுத்து, இடக்காலைச் சற்றே வெளிப்புறமாக வீசி நடக்கும் நடை. சிங்களப் படங்கள் சென்னையிலும் சேலத்திலும் எடுக்கப்பட்ட காலத்தில் கப்பலேறி வந்தவர். ஒரு படப்பிடிப்பில் இடுப்பில் அடிபட, எண்ணெய் வைத்தியத்துக்காகக் குற்றாலம் வந்தார். சாரல் காலம் முடிந்தது; வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்; அவர் மட்டும் ஒரு விடுதியின் பின்னறையில் தங்கிவிட்டார். அதன்பின் சென்னையிலிருந்து எந்தப் படக்குழு அருவிக் காட்சி எடுக்க வந்தாலும், வழுக்கும் பாறை எது, அருவியடியில் ஆழமான நீர்க்கசம் எது என்று காட்டுபவர் அவர். கதாநாயகனுக்குப் பதிலாக விழுபவரும் அவர்.

தோளெலும்பின்மேல் அவருக்கு நீளமான தழும்பு ஒன்று உண்டு. எண்ணெய் தேய்ப்பவரிடம் அதைக் குதிரை உதைத்தது என்று சொன்னார். அதே வாரத்தில் தேநீர்க் கடையில், காணித் தகராறில் உடன்பிறந்த தம்பி வெட்டியது என்று சொன்னார். இரண்டையும் என் காதாலேயே கேட்டேன்.

“அண்ணாச்சி, அன்று குதிரை, இன்று தம்பி. இதில் எது மெய்?” என்றேன்.

“ரெண்டும் மெய்தான் தம்பி. படத்துல, கதைப்படி தம்பிக்காரன் என்னை வெட்டுறான். எடுக்கிற நேரம் குதிரை மிரண்டு உதைச்சுப் போட்டுது. நீங்க எதைக் கேக்கிறீங்க? கதையிலயா, வெளியிலயா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கேள்வி அந்தச் சிரிப்போடு கரைந்துபோயிற்று. வீடு திரும்பும் வழியில்தான் நினைத்துப் பார்த்தேன்: அவருக்கு உண்மையில் ஒரு தம்பி உண்டா, இல்லையா? அதை நான் கேட்கவில்லை. கேட்கவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அவருடைய இயல்பு முழுவதும் இதில் அடங்கும். எதையும் அவர் மறைத்ததில்லை. மறைக்க வேண்டியதன் பக்கத்தில் அதைவிடக் கவர்ச்சியான ஒன்றை வைத்துவிடுவார். இது அவருடைய தொழிலிலிருந்தே வந்த பழக்கம் என்பதை ஐந்தருவிக்கு அருகே நடந்த ஒரு படப்பிடிப்பில் கண்டேன். கதாநாயகன் பாறையிலிருந்து கசத்தில் விழ வேண்டும். விழப்போகிறவர் கொழும்பார். அதே சட்டை, அதே சிவப்புத் தலைப்பாகை. “முகம் தெரிந்துவிடாதா?” என்று கேட்டேன்.

“தெரியக் கூடாதுன்னா மறைக்கக் கூடாது தம்பி. மறைச்சா சனம் அங்கதான் பாக்கும். பாக்கிறதுக்கு வேற ஒண்ணக் குடுக்கணும்” என்று சொல்லித் தலைப்பாகையின் முடிச்சை விரலால் சற்றே தளர்த்திக்கொண்டார்.

விழுந்த நொடியில் தலைப்பாகை அவிழ்ந்தது. சிவப்புத் துணி காற்றில் நீண்டு, சுருண்டு, அருவிப் புகைக்குள் மிதந்து போயிற்று. கரையில் நின்ற கூட்டம் “ஏயப்பா!” என்று அதையே பார்த்தது. நானும் அதையே பார்த்தேன். துணி ஒரு கிளையில் சிக்கிய பிறகு நாங்கள் கீழே நோக்கியபோது, அவர் மறுகரையில் ஏறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவர் விழுந்ததை எவரும் பார்க்கவில்லை. விழுந்தவரைப் பார்க்கவென்றே வந்த நானும் பார்க்கவில்லை.

இத்தகைய ஒருவர் எங்கள் குடும்பத்துக்குள் நுழைய முற்பட்டார் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

சித்தப்பாவுக்கு ஒரே மகள். என்னைவிட மிகவும் மூத்தவள்; பெண்கள் பள்ளியில் ஆசிரியை. செவ்வாய் தோஷம் என்று வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. பிறகு வயது என்று சொல்லித் திரும்பின. பிறகு வரன்கள் வருவதே நின்றது. அந்த ஆண்டுப் பள்ளி விழா நாடகத்தில் அரசி மயங்கி விழும் காட்சி ஒன்று இருந்தது. அடிபடாமல் விழுவது எப்படி என்று சிறுமிகளுக்குக் கற்றுத்தரக் கொழும்பாரை அழைத்தார்கள். அவர் அரசியாகவே நடந்து காட்டி, ‘ஐயோ’ என்று நெஞ்சைப் பிடித்து, மூட்டை சரிவதுபோல் மெத்தென்று சரிந்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளிக்கு மதிய உணவு கொண்டுபோயிருந்த சித்தப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்தார்.

பத்து நாள் கழியுமுன் கொழும்பார் பெண் கேட்டு வந்தார்.

“எங்க தகப்பன் ஆய்க்குடிக்காரர். கொழும்புக்குப் போய்க் கடை வச்சவர். அம்மா சிங்களம். தகப்பன் சாதியில பெண் எடுக்கத்தான் எனக்கு ஆசை” என்றார். சித்தப்பா அன்றிரவு நன்றாக உறங்கினார். நான் உறங்கவில்லை.

ஒரு வரன் வந்தால் எங்கள் பக்கத்தில் விசாரிப்பது வழக்கம். அண்டை வீட்டில் விசாரிப்போம். பலசரக்குக் கடையில் விசாரிப்போம். மாமன் மச்சானுக்குத் தெரியாமல் அவர்கள் பகையாளியிடமும் விசாரிப்போம். இவருக்கு அண்டை வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. பகையாளிக்குக்கூட நாங்கள் எங்கே போவது? நான் ஆய்க்குடிக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் நெடுநேரம் தாடையைத் தடவினார்.

“கொழும்புக்குப் போனவன் ஒருத்தன் உண்டும். திரும்பி வரல. இவரு அவன் மகன்தானான்னு கேக்கியா? மூக்கப் பாத்தா ஆமாங்கணும் போலத் தோணுது. பேச்சக் கேட்டா இல்லங்கணும் போலத் தோணுது. நீ படிச்ச பய, நீயே முடிவு பண்ணிக்கோ.”

இது சாட்சியா? இதை வைத்துக்கொண்டு எந்த அவையில் எழுந்து நிற்பது?

மனைவியைக் கொன்ற கதை ஊரில் எழுந்தது அந்த நாள்களில்தான். கவனியுங்கள்: அதற்கு முன் அப்படியொரு கதையே இல்லை. முடிதிருத்தும் கடையில், முகத்தில் சோப்பு நுரையோடு அண்ணாந்து படுத்தபடி, அவரே சொன்னார். நான் அப்போது கடைப் பலகையில் என் முறைக்காகக் காத்திருந்தேன்.

“பாறை மேல நின்னா. ‘அங்க பார், வானவில்’னு சொன்னேன். திரும்பிப் பாத்தா. தள்ளிட்டேன். கத்தினாளோ என்னவோ, அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

கத்தி அவர் கன்னத்திலேயே நின்றுவிட்டது. “யார அண்ணாச்சி?” என்று கேட்டார் கடைக்காரர்.

“என் பெண்சாதியைத்தான்” என்றார் கொழும்பார். “சரியான அழகு. ம், சவரத்தைப் பாருங்க.”

மாலைக்குள் அந்தக் கதை ஊர் முழுவதும் பரவியது. சித்தப்பா என்னைத் தேடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“ஏலே, மேடை மேடையா ஏறி ஜெயிச்சிட்டு வாற. இதக் கேட்டுச் சொல்ல மாட்டியா? அவன் சிரிச்சிக்கிட்டே சொல்லுதாம்லே. சினிமாக் கதையாத்தான் இருக்கும். இருக்கும்லா?”

நான் கொழும்பாரின் அறைக்கே போனேன். இடுப்பில் கட்டும் ஈரச் சாரத்தைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நடந்ததா, நடித்ததா?” என்றேன்.

“நடிச்சதுன்னு நான் சொன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

“பிறகென்ன? படம் பாத்த ஒருத்தரைக் கண்டுபிடிங்க. ஓடின படம் தம்பி. எத்தனையோ பேர் பாத்திருக்காங்க.”

அவர் அஞ்சவில்லை. சினம் கொள்ளவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் இவ்வளவு அமைதியாக இருந்தால், ஒன்று அவன் குற்றமற்றவனாக இருக்க வேண்டும். அல்லது நாம் சாட்டிய குற்றம் தவறானதாக இருக்க வேண்டும். இரண்டாவதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

சிங்களப் படம் பார்த்த ஒருவரைத் தென்காசி வட்டாரத்தில் தேடுவது எளிதன்று. கடைசியில் வடகரையில் ஒருவர் கிடைத்தார். கொழும்புப் புறக்கோட்டையில் நெடுங்காலம் சாரம் விற்றுவிட்டு, தென்னந்தோப்பு வாங்கித் திரும்பியிருந்த ராவுத்தர். சித்தப்பாவும் நானும் போய் விவரம் சொன்னோம். அவர் கண்கள் விரிந்தன.

“படமா? வெள்ளிக்கிழமைத் தொழுகையத் தவற விட்டாலும் ஞாயித்துக்கிழமைப் படத்தத் தவற விட மாட்டேன். ஆளக் காட்டுங்க அண்ணாச்சி, பாத்துச் சொல்லிருதேன்.”

சித்தப்பா ஒரு முகூர்த்த நாளைக் குறித்தார். ராவுத்தர் வந்து ஆளைப் பார்க்க வேண்டும். சினிமாதான் என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கே வெற்றிலை மாற்றிவிடுவது. இல்லையென்றால் கொழும்பார் வந்த வழியே போவது. வீட்டில் விருந்துக்கும் ஏற்பாடு செய்தார். நாலு வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு தேங்காய்கூட உடைக்காத மனிதர், அன்று எவருக்கும் சொல்லவில்லை. அவருடைய நம்பிக்கை எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று எனக்கு அதிலேயே தெரிந்தது.

கொழும்பார் தனியாக வந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்ல அவரைத் தவிர ஒருவரும் இல்லை; தட்டையும் அவரே ஏந்தி வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், மடித்த பட்டு ஒன்று. ராவுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

“கொஞ்சம் மொறைங்க” என்றார்.

கொழும்பார் முறைத்தார்.

“அல்லாவே! அந்த வில்லன்லா இது! அண்ணாச்சி, இவரேதான்! பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயி, வானவில்லப் பாருன்னுட்டுத் தள்ளுவாரு. நான் ரெண்டு தடவ பாத்தேன்.”

சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வந்தது அவருக்கு.

“இருங்க, இன்னும் கேளுங்க” என்று ராவுத்தர் தொடையில் தட்டினார். “அந்தப் பொம்பள விழுதா பாருங்க, காத்துல சேல தூக்கிருச்சி. பாத்தா, கெண்டைக்காலு ரெண்டும் உலக்க மாதிரி இருக்கு! கொட்டகையில ஒருத்தன் எந்திரிச்சி, ‘ஏய், இவ புருசனவிட பலசாலிடா, இவதான் அவனத் தள்ளணும்’னு கத்துதான். அழுவுற எடத்துல அம்புட்டுப் பேரும் சிரிக்கோம்!”

கொழும்பார் தலையைக் குனிந்துகொண்டார். “அதுவும் நான்தான்” என்றார்.

“எது?”

“விழுந்தது. அந்த நடிகைக்குத் தண்ணின்னாலே பயம். வேற ஆளும் கிடைக்கல. முதல் நாள் தள்ளினேன். மறுநாள் ஒட்டு மீசையை எடுத்துட்டு, சேலையைக் கட்டிக்கிட்டு விழுந்தேன்.”

வீடு சிரிப்பில் குலுங்கியது. சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “தள்ளுனதும் இவரு, விழுந்ததும் இவரு! கேட்டியாலே!” என்று என் முதுகில் அறைந்தார். நானும் சிரித்தேன். கொலைப்பழி நீங்கிய ஒருவரைப் பார்க்கும் எவருக்கும் அவரைக் கட்டித் தழுவத்தான் தோன்றும். சித்தப்பா வெற்றிலை மாற்ற எங்கள் தட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

பேச்சுப் போட்டி மேடையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நம்மீது எவரேனும் சாட்டக்கூடிய பெருங்குற்றத்தை நாமே முந்திக்கொண்டு சொல்வோம். பிறகு நாமே அதைத் தகர்ப்போம். அவை கைதட்டும். அந்த ஓசைக்குள் சிறிய குற்றம் ஒன்று எவர் கண்ணிலும் படாமல் நழுவிப் போய்விடும். எத்தனையோ முறை நானே இதைச் செய்து வென்றிருக்கிறேன். கொலைகாரர் அல்லர் என்று தெரிந்ததும் நல்லவர் என்று முடிவு கட்டிவிட்டோமே என்று எனக்கு உறைத்த அதே நேரத்தில், அடுக்களைக் கதவருகே வளையல் ஓசை கேட்டது.

“அப்பா, அதக் கீழ வைங்க. நான் ஒண்ணு கேக்கணும்.”

“ஏட்டி, உள்ள போ. அதான் எல்லாம் தெளிஞ்சிட்டுல்லா.”

அக்கா உள்ளே போகவில்லை. நடுவீட்டுக்கு வந்து நின்றாள். கொழும்பார் எழுந்தார்.

“கேளுங்க டீச்சர்.”

“படத்துல இருந்த பொண்டாட்டி போகட்டும். படத்துக்கு வெளிய ஒருத்தி இருக்காளா?”

அவரிடம் எதற்கும் ஒரு கதை உண்டு. அதற்காகத்தான் காத்திருந்தேன். அக்கா கண்ணை எடுக்கவில்லை.

“இருக்கா” என்றார்.

“எங்க?”

“நீர்கொழும்புல.”

“பிள்ள?”

“ஒரு பொண்ணு. பள்ளிக்கூடம் போறா.”

“பொறவு இங்கன எதுக்கு வந்திய?”

“இங்க யாருக்கும் என்னைத் தெரியாது, டீச்சர்.”

ராவுத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பாவின் கையிலிருந்த தட்டு சரிந்தது. பழம் ஒன்று உருண்டு விழுந்தது. “படுபாவி... எம் பிள்ளைய...” என்று கத்தினார் சித்தப்பா. அக்கா தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“சத்தம் போடாதீங்கப்பா. எல போட்டாச்சி. சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

அவர் சாப்பிட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. எங்களில் ஒருவரும் உண்ணாமல் நிற்க, ஓர் இலை முன்னால் அமர்ந்து நிதானமாக, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். “எங்க ஊர்லயும் சொதி வைப்பாங்க. இவ்வளவு கெட்டியா இருக்காது” என்றார். அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினாள். கை கழுவியபின் தன் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இரண்டு நாளில் விடுதி அறையும் காலியாயிற்று. அடுத்த சாரலில் சென்னைப் படக்குழு ஒன்று அவரைத் தேடி வந்து, இல்லையென்று தெரிந்ததும் கதாநாயகன் விழும் காட்சியையே விட்டுவிட்டுப் போனது.

இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. சில மாதங்களுக்குப் பின் தென்காசிச் சந்தையில் ராவுத்தரைக் கண்டேன். பேச்சு அங்கேதான் போயிற்று.

“கொழும்புக்குக் கடுதாசி போட்டுக் கேட்டேன் தம்பி. கூட நடிச்சவங்க சொல்லுதாங்க, அவரு கொட்டாஞ்சேனையில ஒத்த அறையில தனிக்கட்டையாத்தான் கெடந்தாராம். நீர்கொழும்புல ஒரு பொண்டாட்டின்னா எங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு கேக்காங்க. யாரு கண்டா? ஆளு அப்படி.”

நான் அங்கேயே நின்றுவிட்டேன். மனைவியை மறைத்துவிட்டு மணக்க வந்தவர் என்று முடிவு செய்து வைத்திருந்தோம். மனைவியே இல்லாதவர், இருக்கிறாள் என்று சொல்லித் தப்பினாரா? அக்கா எதிரே வந்து நின்ற அந்த நொடியில், கதை இனிச் செல்லாது, இவளோடு மெய்யாகவே வாழத்தான் வேண்டும் என்று உணர்ந்து அஞ்சினாரா? பள்ளிக்கூடம் போகும் அந்தப் பெண்ணும் ஏதோ ஒரு படத்தின் பெண்தானா? அவர் வாயிலிருந்து வந்த ஒரே நேரான விடை என்று நான் மதித்த அந்த ‘இருக்கா’வும் எவரோ எழுதிக் கொடுத்த வசனமாக இருக்கலாம். அவர் மெய் சொன்னார் என்று வாதிட என்னால் முடியும். பொய் சொன்னார் என்று வாதிடவும் முடியும். எந்தப் பக்கத்தில் நின்றாலும் வெல்வேன். எந்தப் பக்கம் உண்மை என்பதுதான் தெரியாது.

மறுநாள் காலையில் அக்காவிடம் சொன்னேன். சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் ஒரு நல்ல வரனைக் கைவிட்டுவிட்டதாக வருந்துவாளோ என்று அஞ்சினேன். அவள் கண்ணாடி முன் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து ஊசியை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

“இதுல என்னலே ஒனக்குக் கொழப்பம்? பொண்டாட்டி இருந்தா அவரு போகணும். இல்லாமலே இருக்கான்னு சொன்னாருன்னா, இன்னும் வெரசாப் போகணும்.”

வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு அவள் பள்ளிக்குக் கிளம்பினாள்.